ஆயா வாங்காத நற்கருணை

நல்லவர்களின் செபத்தைத்தான் கடவுள் கேட்பாரா? லூக்கா நற்செய்தியின் 18-ம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். கோயிலில் இருவர் செபிக்கிறார்கள். பரிசேயர், வாரம் 2 நாள் நோன்பிருப்பதையும் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும் பட்டியலிடுகிறார். வரிதண்டுபவரோ தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறார். கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியது இவர்தான். பரிசேயர் பொய் சொல்லவில்லை. ஆனால், கடவுளிடம் கேட்க அவருக்கு எதுவுமே இல்லை.

அப்படியானால், மார்பில் அடித்துக்கொண்டால் போதுமா?

செஞ்சியில் என் ஆயா, வரப்புத் தகராறில் தம்பியோடு பேசாமலிருந்த வருடங்களில், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். நற்கருணை மட்டும் வாங்கமாட்டார். "கூடப் பொறந்தவன் மூஞ்சியப் பாக்காதவ, சாமி மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்பார். ஒரு தவக்காலத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். தான் வெட்டிச் சேர்த்த வரப்பைப் பழைய இடத்திலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரோடு சமாதானமாகச் சொல்கிறது மத்தேயு 5-ம் அதிகாரம். பாவி என்பதற்காகச் செபத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால், முழங்காலிலிருந்து எழுந்தபின் நடக்கவேண்டிய தூரம் ஒன்று இருக்கிறது. ஆயாவுக்கு அது நாலு வீடு தள்ளி.