கொறடாவின் பிடியும் சிவப்பு அடையாள அட்டையும்: கிள்ளானிலிருந்து ஒரு கடிதம்



செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி நடுவே ஓடும் பிரதான சாலைக்கு, 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸை (ம.இ.கா.) நடத்திய துன் வீ. தி. சம்பந்தனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆயினும், கட்சியின் கட்டளைக்கும் வாக்களித்தவரின் தேவைக்கும் இடையில் ஒரு மக்களவை உறுப்பினர் எவ்வாறு நிற்கிறார் என்ற கேள்விக்கு, சாலைப்பெயர்களில் முன்னிற்காத வேறு இருவரின் வாழ்க்கையே தெளிவான விடை தருகிறது.

வாக்கெடுப்பின்போது தம் கட்சியினர் அனைவரும் அவையில் இருக்கவும் ஒரே பக்கம் வாக்களிக்கவும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரே கொறடா. இந்தியாவில், அரசமைப்பில் 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணைப்படி அவரது உத்தரவை மீறுபவர் பதவியிழக்கக்கூடும். கட்சிப் பட்டியலுக்கே மக்கள் வாக்களிக்கும் தென்னாப்பிரிக்காவில், கட்சியைவிட்டு நீக்கப்பட்டாலே இருக்கை போய்விடும். மலேசியாவில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித்தாவல் தடைச் சட்டமோ, தாமாக விலகுபவரின் இருக்கையைப் பறிக்கிறதே தவிர, கட்சியால் நீக்கப்பட்டவரின் இருக்கையைத் தொடுவதில்லை. எனவே இங்கே கொறடாவின் வலிமை, சட்டத்தைவிட, அமைச்சர் பதவியிலும் அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலிலுமே அதிகம் தங்கியிருக்கிறது எனலாம்.

பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் தொகுதியில் 1959இல் சோசலிச முன்னணியின் சார்பில் வென்ற வி. டேவிட், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். 1964இல் அத்தொகுதி சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்த தேவன் நாயருக்குப் போனது. மலாயா நிலப்பரப்பில் அக்கட்சி வென்ற ஒரே இடம் அது. பின்னர் 1968இல் கெராக்கான் கட்சியின் தோற்றத்தில் பங்கேற்று, 1969இல் பினாங்கிலிருந்தும், பிறகு ஜனநாயக செயல் கட்சியின் சார்பில் டாமன்சாரா, பூச்சோங் தொகுதிகளிலிருந்தும் அவைக்கு வந்த டேவிட், 1987ஆம் ஆண்டின் லாலாங் நடவடிக்கை என்ற கைது நடவடிக்கையில் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். கொடி மாறியபோதும், தொழிற்சங்கமே அவர் உண்மையில் பதில் சொல்ல வேண்டிய இடமாக இருந்தது.

கிள்ளானுக்குச் செல்லும் கொமுட்டர் இரயில் சென்றடைவது டேவிட்டினுடையதற்கு எதிர்த்துருவமான ஒரு வாழ்க்கையின் தொகுதியை. 1959 முதல் கிள்ளானையும், 1974 முதல் துறைமுகக் கிள்ளானையும் பிரதிநிதித்துவப்படுத்திய வீ. மாணிக்கவாசகம், 1973இல் சம்பந்தனுக்குப் பின் ம.இ.கா. தலைவரானவர், 1979 அக்டோபரில் மறையும் வரை ஆளும் கூட்டணியை விட்டு அகலாதவர். அவர் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தில்தான், குடியுரிமையற்றோர் வேலை செய்ய உரிமச்சீட்டு பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1969 மே இனக் கலவரத்துக்குப் பின் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பிறப்புச் சான்று இல்லாமலும், விண்ணப்பத்தின் அவசியம் அறியாமலும், குடியுரிமையற்றோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோன தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரவர், பால்மரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத நிலையில், இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

அமைச்சரவை முடிவுக்கு அமைச்சர் எல்லாரும் கூட்டாகப் பொறுப்பேற்கும் மரபு, கொறடா உத்தரவைக் காட்டிலும் இறுக்கமானது. அதற்குள் நின்றுகொண்டே தம் மக்களுக்காக வாதாட வேண்டிய நிலையில் மாணிக்கவாசகம் இருந்தார் என்பதை மறந்து அவரை எடைபோடுவது முறையன்று. அதே வேளையில், அம்மரபு காத்த மௌனத்துக்கான விலையை அவையில் அமர்ந்திருந்தோர் எவரும் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். கிள்ளானின் தெங்கு கிளானா சாலையின் மாலைக் கூட்டத்தில் அந்த ஆண்டுகளைக் கண்ட முதியவர்கள் இன்னும் இருக்கக்கூடும். பிள்ளைகளுள் ஒருவரை இங்கே விட்டு, மற்றவரோடு நாகப்பட்டினத்தில் இறங்கிய குடும்பங்களின் மறுபாதியைத் தஞ்சை, நாகை மாவட்டத்து ஊர்களில் தேடிப் பார்ப்பது, இக்கடிதத்தைப் படிக்கும் தங்களால் இயலும்.