ரசத்தில் மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய முருங்கைக்கீரைப் பொடி வந்தது. அத்தான் தினமும் இரண்டு இட்லி கூடுதலாக இறக்குகிறார், பழி உன்மேல்தான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலக்கிறாயே, அதை இன்றோடு விடு. வாயில் அடக்கி, கொல்லைப்பக்கம் போய்த் துப்புகிறவனை வைத்துக்கொண்டு நீ படும் பாடு எனக்குத் தெரியாதா? ஆனால் அவன் நோய் அவனிடம் என்ன சொல்கிறது? சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றுதானே! "அப்படி யாருடா செய்வாங்க" என்று இத்தனை வருஷம் நாம்தான் அவனைத் தேற்றினோம். ஒருநாள் தட்டில் வெள்ளைத் துகளைப் பார்த்தான் என்றால், அப்புறம் உன் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான். அவன் நம்பிச் சாப்பிடுவது உன் கைச்சோறு ஒன்றைத்தான்.

ராத்திரி சுகர் மாத்திரையையும் சேர்த்து இடிக்கிறாயாம்! அட்டையில் மெட்ஃபார்மின் பக்கத்தில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா பார். அது மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை, இடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

போன வாரம் வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் கத்தினான் என்றாய். பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தாயே, கேட்டதும் பதறிவிட்டேன். அன்றைக்குக் காலையில் கிளிமிபிரைடை விழுங்கிவிட்டு இட்லியைத் தொடாமல் எழுந்தவன் அவன். சுகர் இறங்கினாலும் இதே கூத்துதான் நடக்கும். இனிமேல் முதலில் விரலைக் குத்திப் பார். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.

"இந்த மாத்திரையாலதான் எனக்கு சுகரே வந்துச்சு" என்று சண்டை போடுகிறானாமே. அவன் சொல்வதில் உண்மை இருக்கலாம், பாப்பா. மனநோய்க்கு அவன் போடும் ஓலான்சபின் பசியைக் கிளப்பும், உடம்பைப் பெருக்கும், சுகரையும் ஏற்றும். அதை நீ இல்லவே இல்லை என்று சாதிப்பதால்தான் அவன் துப்புகிறானோ என்று எனக்கொரு சந்தேகம். அவனையே டாக்டரிடம் சொல்லவிடு. எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்தும் உண்டு, மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. மாற்றுவதா வேண்டாமா என்று அவர் பார்க்கட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சில வாரம் நன்றாகத்தான் இருப்பான், அதுதான் ஆளை ஏமாற்றுவது. துப்பியதையும் கலந்ததையும் ஒளிக்காமல் சொல். இல்லாவிட்டால் இந்த அளவு போதவில்லை என்று நினைத்து அவர் மருந்தைக் கூட்டிவிடுவார்.

வார டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவனையே நிரப்பச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டு. "போட்டியா, போட்டியா" என்று வீட்டுக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் நடத்தாதே.

ராத்திரியில் ஒன்றும் ஓடவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணு, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் அது. எந்நேரமும் ஆள் இருப்பார்கள், பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம்.

ஐப்பசியில் நான் அங்கே வந்து இருக்கிறேன். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய்வா. மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் நானே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
பெரியக்கா