ஒரு ஃப்ரேமுக்கு 1,600

பதினைந்து ஊசல்கள். முதலாவது நிமிடத்துக்கு 51 முறை ஆடும், அடுத்தது 52, கடைசி 65. ஒன்றாகப் புறப்பட்டு, பாம்பாய் நெளிந்து, 30-ஆவது விநாடியில் இரண்டு அணியாகப் பிரிந்து, 60-இல் மறுபடி ஒன்றுசேரும். பிரவுசர் கேன்வாஸில் இதை வரைந்து, நடுக்கோட்டைக் கடக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கச் செய்தேன். நிமிடத்துக்கு 1,740 மணியோசை!

அதை வீடியோ ஆக்குவது எளிதாகவே தோன்றியது. கேன்வாஸிலிருந்து ஒரு ஸ்ட்ரீம், வெப் ஆடியோவிலிருந்து இன்னொன்று. இரண்டையும் மீடியா ரெக்கார்டரிடம் கொடுத்தால் வெப்எம் கோப்பு கிடைத்துவிடும். கிடைத்தது. ஆனால் லேப்டாப் சூடேறி வரைவது தடுமாற, மணி முந்திக்கொண்டது, ஊசல் பிந்தியது. வேறு டேபுக்குப் போனால் படம் உறையும், ஓசை மட்டும் தொடரும். ரெக்கார்டர் நடப்பதைத்தான் பதியும், நமக்காகக் காத்திருக்காது.

அதனால், ஒவ்வொரு ஃப்ரேமையும் நாமே என்கோடரிடம் கொடுக்கும் வெப்கோடெக்ஸுக்கு மாறினேன். அதில் கடிகாரமே வேண்டாம். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால், ஃப்ரேம் எண்ணை 30-ஆல் வகுத்தால் நேரம். ஒரு ஃப்ரேமை வரைய அரை விநாடி ஆனாலும் படத்துக்குத் தெரியாது. ஓசையை ஆஃப்லைன் ஆடியோ கான்டெக்ஸ்ட் தனியே தயாரிக்கும்: 48,000 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 1,600 சாம்பிள்.

மிகவும் தாமதமாக நான் கற்றது ஒன்று உண்டு. தொடக்கத்தில் பதினைந்து ஊசலும் நடுக்கோட்டைக் கடந்துமுடிக்க 63 மில்லிவிநாடிதான் ஆகிறது, இரண்டு ஃப்ரேம்கூட இல்லை. படத்தில் கடந்ததைப் பார்த்து மணியடித்தால் பதினைந்தும் இரண்டு மூன்று கொத்தாக 'டங்'கென்று விழுந்துவிடும். கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டு அந்தந்தச் சாம்பிளில் வைத்தபோதுதான் வீணைத் தந்திகளை ஒரே வீச்சில் வருடியதுபோல் கேட்டது. அன்றிரவு அந்தத் தொடக்கத்தை மட்டும் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

இன்னொன்று, ஒரு வீடியோவைப் பறிகொடுத்துக் கற்றது. மிச்சமுள்ள ஃப்ரேம்களை முடித்துக் கொடுக்கும்படி என்கோடரிடம் ஃப்ளஷ் சொல்லி, அது முடியும்வரை காத்திருக்காமல் கோப்பை மூடினேன். ஊசல்கள் ஒன்றுசேரும் அந்தக் கடைசி ஃப்ரேம்களே காணாமல் போயின.

நீங்கள் பதியத் தொடங்குமுன், உங்கள் கோடில் இப்போது மணி என்ன என்று கேட்கும் இடங்களையெல்லாம் தேடி நீக்குங்கள். எண்ணைக் கொடுத்தால் அந்த ஃப்ரேமை வரையும் ஒரே ஃபங்ஷனாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.