இருபத்தெட்டாம் நாள்

கல்விக்கு வயதில்லை என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டுத் தலையசைத்தும் இருக்கிறோம். ஆனால், பகலெல்லாம் வெயிலில் நின்ற ஒருவன் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு, மாலை ஆறரை மணிக்கு மாணவனாகக் கரும்பலகையின் முன் அமர்வது எத்தகையது என்பது அமர்ந்த பிறகே விளங்குகிறது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், துபாயில் கிளை நடத்தும் பிரிட்டானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் வகுப்பறையில் நாம் அவ்வாறு அமர்ந்தோம். அப்போது நமக்கு வயது 43. காலணியில் சிமெண்டுத் தூசி இருந்தது. பக்கத்து இருக்கையில் நம்மினும் பதினைந்து வயது இளைய சூடான் நாட்டுப் பொறியாளர் ஒருவர் இருந்தார். "நீங்கள்தான் ஆசிரியரோ என்று நினைத்தேன்" என்றார் அவர்.

பணியிலிருப்போருக்கான கட்டுமான மேலாண்மை முதுகலைப் படிப்பு அது. நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றில் வளைகுடாவின் கட்டடத் தளங்களை அறிந்தவர் ஒருவரேனும் இருப்பார். அவருக்கும், அவர் அனுப்பும் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் வீட்டாருக்கும் இந்த அனுபவம் பயன்படக்கூடும் என்றே எழுதுகிறோம்.

நம் வாப்பா கொத்தனார். இராமநாதபுரத்துக் கடலோர ஊரில் அவர் எழுப்பிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அவர் கையிலிருந்த தூக்குக்குண்டும் ரசமட்டமுமே நம்மைப் பாலிடெக்னிக்கிற்கும், பின்னர்ப் பொறியியற் கல்லூரிக்கும் அனுப்பின. 1998இல் ஷார்ஜா வந்தோம். கம்பி கட்டுவதிலும் கான்கிரீட் போடுவதிலும் நமக்கு ஐயம் வந்ததில்லை. வேலை தெரிந்தவனுக்கு வேறென்ன வேண்டும் என்றே பதினாறு ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

2014இல் அந்த எண்ணம் உடைந்தது. ஒரு பண்டகசாலைக் கட்டடத்தின் தளப் பொறியாளராக இருந்தோம். அடித்தளத்துக்கான திருத்திய வரைபடங்கள் கட்டட உரிமையாளரின் ஆலோசகரிடமிருந்து வரவேண்டியிருந்தது. அவை 47 நாள் தாமதமாக வந்தன. தொலைபேசியில் கேட்டோம், நேரில் கேட்டோம், "நாளை வரும்" என்றார்கள். ஆள்களைச் சும்மா இருத்தி வைத்தோம். வரைபடம் வந்தபின் இரவு பகலாக உழைத்தும் கட்டடம் 44 நாள் தாமதமாகவே முடிந்தது.

ஒப்பந்தத்தில் தாமத இழப்பீடு நாளொன்றுக்குப் பத்தாயிரம் திர்ஹம். "தாமதம் எங்களால் அன்று, வரைபடத்தால்" என்றோம். எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அதை எப்போது எழுதித் தெரிவித்தீர்கள்?"

ஃபிடிக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் ஒப்பந்த வாசகங்களே வளைகுடாவில் பெரிதும் வழங்குகின்றன. அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, காலநீட்டிப்போ கூடுதல் பணமோ கோரும் ஒப்பந்தக்காரர், காரணமான நிகழ்வை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போகும். 2017இல் வந்த புதிய பதிப்பும் அந்த 28 நாளைக் கைவிடவில்லை. நம் ஒப்பந்தத்திலும் அவ்விதி இருந்தது. நம் மேசை இழுப்பறையிலேயே ஒப்பந்தப் பிரதியும் இருந்தது. நாம் அதைப் படித்ததில்லை.

நான்கு லட்சத்து நாற்பதாயிரம் திர்ஹம் பிடித்தம் ஆயிற்று. சிறிய நிறுவனம் அது, தாங்கவில்லை. சிலர் வேலை இழந்தனர். அவர்களுள் ஒருவர் நம் ஃபோர்மேன், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நம்மினும் மூத்தவர். விமான நிலையத்தில் நம் தோளைத் தட்டி, "விடுங்க தம்பி, நம்ம வேலையில குத்தம் இல்லையே" என்றார். அவர் வேலையில் குற்றம் இல்லை. நம் வேலையில் இருந்தது. அதை அவரிடம் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை.

வீட்டிற்கு வந்து மனைவியிடம் சொன்னோம். அவர் அதிகம் படித்தவரல்லர். ஆனால் ஓதத் தெரிந்தவர். "கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கணும்னுதானே அல்பகரா சூராவில் அவ்வளவு நீளமான ஆயத்து வருது. நீங்க எழுதாம விட்டுட்டீங்களே" என்றார். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. அந்த அத்தியாயத்தின் 282ஆவது. எத்தனை முறை ஓதியிருப்போம்! கடைக்காரருக்கும் கடன்காரருக்கும் உரியது என்று கடந்து போயிருக்கிறோம்.

படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது. முளைக்க மூன்றாண்டு ஆயிற்று. காரணம் பணம். கட்டணம் ஏறத்தாழ நம் எட்டு மாதச் சம்பளம். வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் வீட்டில் இரு கருத்து இல்லை. ஊரில் நம் வீட்டின் மேல்தளத்துக்கென்று சேர்த்த தொகை இருந்தது. அதை எடுப்பதென்றால், "வெளிநாட்டில் இருபது வருஷம், இன்னும் மேல்மாடி எழும்பவில்லை" என்னும் பேச்சைக் கேட்க வேண்டும். ராத்தா தொலைபேசியில், "நரைச்ச பிறகு என்ன படிப்பு தம்பி, பிள்ளைகளைப் படிக்க வை" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எஞ்சிய குறைக்கு மச்சான் கைமாற்றுத் தந்தார்.

முதல் வாரத்தில் ஆசிரியர் ஒரு வரலாறு சொன்னார். 1821இல் எடின்பரோ நகரில் லியோனார்ட் ஹார்னர் என்பவர் கைத்தொழிலாளருக்கென்று ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். பகலில் உழைப்போர் மாலையில் வந்து வேதியியலும் இயந்திரவியலும் கற்றனர். அப்பள்ளியே வளர்ந்து 1966இல் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகமாயிற்று. 2005இல் துபாயிலும் கிளை திறந்தது. வேலை முடித்துக் களைப்போடு வருபவனுக்கென்றே தோன்றிய கல்வி இருநூறு ஆண்டுப் பழமை உடையது என்று அறிந்தபோது, காலணித் தூசியைப் பற்றிய கூச்சம் சிறிது குறைந்தது.

படிப்பின் அமைப்பு இது: எட்டுப் பாடங்கள், அவற்றின் முடிவில் ஓர் ஆய்வேடு. திட்டமிடல், செலவுக் கணக்கு, ஒப்பந்தச் சட்டம், கொள்முதல், இடர் மதிப்பீடு, பாதுகாப்பு ஆகியவை முதன்மையானவை. கட்டுவது எப்படி என்பதை அங்கே சொல்லித் தருவதில்லை. அது தெரிந்தவன்தான் வருகிறான். கட்டுகிறவர்களையும் காலத்தையும் பணத்தையும் வாக்குறுதிகளையும் எப்படி ஒன்றோடொன்று பிணைப்பது என்பதே பாடம்.

அவற்றுள் நம்மைப் பெரிதும் ஈர்த்தது நெருக்கடிப் பாதை முறை. 1957 அளவில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தாரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தாரும் சேர்ந்து வகுத்தது. நம் ஊர் வீட்டைக் கொண்டே அதை விளக்கலாம். கடைக்கால் 20 நாள். சுவர் 30 நாள். சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போட்டு நீர் கட்டி ஆறவிடுவது 30 நாள். பூச்சு 20 நாள். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று. ஆக 100 நாள். இதற்கிடையே ஆசாரி கதவுகளை இழைக்க 40 நாள் ஆகிறது என்று கொள்வோம். அவை பூச்சு முடிந்த பிறகே தேவை. எனவே அவர் 60 நாள் கழித்துத் தொடங்கினாலும் வீடு ஒரு நாளும் தாமதப்படாது. இந்த 60 நாளுக்கு 'மிதவை' என்று பெயர். கடைக்காலுக்கோ சுவருக்கோ மிதவை இல்லை. அங்கே ஒரு நாள் போனால் வீட்டிலும் ஒரு நாள் போகும். மிதவை இல்லாத வேலைகளின் தொடரே நெருக்கடிப் பாதை. மேலாளன் கண் அதன்மேல் இருக்க வேண்டும். எல்லாரையும் எந்நேரமும் அதட்டுவது மேலாண்மை ஆகாது.

இதைக் கேட்டபோது வாப்பாவின் நினைவு வந்தது. அவர் ஆசாரியை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. ஆனால் தளம் போட்ட மறுநாள் நீர் கட்டத் தவறிய சித்தாளை அவர் விட்டதில்லை. பெயர் தெரியாமலே அவர் அந்த வித்தையை அறிந்திருந்தார்.

வெயிலும் திட்டத்தில் ஓர் எண் என்று கற்றோம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது. 2004 முதல் 2010 வரை கட்டப்பட்ட 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவுக்குக் கோடைக் காலத்தில் பனிக்கட்டி கலந்து இரவிலேயே கான்கிரீட் போட்டார்கள். தொழிலாளியின் உடலையும் கான்கிரீட்டின் வெப்பத்தையும் முன்கூட்டிக் கணக்கில் எழுதாத திட்டம் பொய்த் திட்டம்.

நாம் எழுதித் தந்த முதல் பயிற்சி ஏடு தேறவில்லை. என்ன செய்தோம் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். "ஏன் அப்படிச் செய்தீர்கள்? சான்று எங்கே?" என்று ஓரத்தில் குறித்திருந்தார் ஆசிரியர். இருபதாண்டு அனுபவம் சான்றாகாதா என்று அன்றிரவு கோபம் வந்தது. மறுநாள் தளத்தில் நிற்கையில், பண்டகசாலை வழக்கிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றது ஆகிவிடும். 2018 மார்ச்சில் வாப்பாவுக்கு உடல்நலம் குன்றியது. ஏப்ரல் இறுதியில் நமக்குத் தேர்வு. "தேர்வு முடிச்சே வா, எனக்கு ஒண்ணுமில்லை" என்றார் அவர். நாமும் ஒத்திவைத்தோம். ஏப்ரல் 12ஆம் நாள் அவர் வஃபாத்தானார். விமானம் பிடித்து ஊர் சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்திருந்தது. கப்ருக்கு அருகில் நின்றபோது, எந்த வேலைக்கு மிதவை உண்டு, எதற்கு இல்லை என்று வகுப்பில் பிழையின்றிக் கணக்கிட்டவன் வீட்டில் பிழை செய்துவிட்டான் என்று உணர்ந்தோம். மேல்மாடிக்கு மிதவை இருந்தது, பட்டத்துக்கும் இருந்தது. தேர்வை அடுத்த முறை எழுதியிருக்கலாம். அவருக்கு இல்லை. எந்தப் பட்டமும் அதை ஈடு செய்யவில்லை.

படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்தோம். உம்மாதான், "அவுக முடிக்கச் சொன்னதை முடி" என்றார்.

ஆய்வேட்டுக்கு நாம் எடுத்த பொருள் தளப் பதிவேடுகள். தாமதத்துக்கான சான்றுகள் எங்கே தொலைகின்றன என்பதைத் தேடினோம். நமக்குத் தெரிந்த ஃபோர்மேன்கள் பலரிடம் பேசினோம். தமிழிலும் மலையாளத்திலும் உருதுவிலும் வங்காளியிலும் அவர்கள் சட்டைப்பைக் குறிப்பேடு வைத்திருந்தார்கள். எத்தனை ஆள் வந்தார்கள், எந்தப் பொருள் வரவில்லை, எந்த நேரத்தில் வேலை நின்றது என்பதெல்லாம் அதில் இருந்தன. "அலுவலகத்தில் இதைக் கேட்டதுண்டா?" என்றோம். இல்லை என்றே சொன்னார்கள்.

தயங்கித் தயங்கிப் பட்டுக்கோட்டைக்கும் தொலைபேசி செய்தோம். 2014இல் சொல்லாமல் விட்டதை முதலில் சொன்னோம்: அறிவிப்புக் கடிதம் எழுத வேண்டியவர்கள் நாங்கள், எழுதவில்லை, உங்கள் வேலை போனது அதனால். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "தேதி வேணுமா தம்பி? புத்தகம் பரண்ல இருக்கு" என்றார் அவர். இரண்டு நாளில் பக்கத்தின் நிழற்படம் வந்தது. பென்சிலால் எழுதியிருந்தார்: "தாள் வரவில்லை. ஆள் 22 சும்மா." அதன்கீழ் தேதி. அடுத்த நாளும் அதுவே. 47 நாளும் அதுவே. நான்கு லட்சம் திர்ஹமுக்கான சான்று தமிழில் எழுதப்பட்டு, நம்மிடமிருந்து பத்தடி தூரத்தில், ஒருவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. கேட்கத் தெரியாதவர்களாக இருந்தோம்.

2019இல் பட்டம் கிடைத்தது. சம்பளம் உடனே உயரவில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் வேறு நிறுவனத்தில் திட்ட மேலாளர் பொறுப்பு கிடைத்தது. மச்சானின் கடனை அடைத்தோம். மேல்தளம் 2022இல் எழும்பியது.

படிக்க விரும்பும் தம்பிமார்களுக்குச் சில சொற்கள். ஐந்தாண்டேனும் தளத்தில் நின்ற பிறகு சேருங்கள். அதற்கு முன் பாடம் வெறும் சொல்லாகவே தோன்றும். ஊரிலிருந்தே படிக்க விரும்பினால் இந்தியாவிலும் இத்துறைக்கென நிறுவனங்கள் உண்டு. 1983இல் தொடங்கிய நிக்மார் பூனாவில் நடக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அப்பட்டம் நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டாரோடு அமர்ந்து, இரண்டாண்டில் எவற்றை ஒத்திவைக்கலாம், எவற்றை ஒத்திவைக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பெற்றோர் பெயரை இரண்டாவது பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

இப்போது நம் தளத்தில் சனிக்கிழமைதோறும் ஃபோர்மேன்கள் குறிப்பேடுகளோடு வருகிறார்கள். எந்த மொழியில் இருந்தாலும் படிக்கச் சொல்லிக் கேட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். சென்ற ஆண்டு ஒரு வரைபடம் தாமதமானபோது ஆறாம் நாளே அறிவிப்புக் கடிதம் போயிற்று, காலநீட்டிப்பும் கிடைத்தது, ஒருவருக்கும் வேலை போகவில்லை. அக்கடிதத்தின் பிரதியொன்றைப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பிவைத்தோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தேதி போட்டிருக்கீங்கள்ல தம்பி? அது போதும்" என்றார்.