எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?



நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் தனித்தே சென்றனர். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் பெட்டியோடு வந்து இறங்குவார். இன்று நிலை மாறி வருகிறது. குடும்ப விசாவுக்குச் செய்யும் தொழிலைப் பாராமல் வருமானத்தையே பார்ப்பது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2019இல் விதியை மாற்றியது. மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் பெறுகிறவர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி பிறந்தது.

விசாவுக்கு வழி தெரிந்தவுடன் எழும் கேள்விதான் தலைப்பில் உள்ளது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அது எழுந்தது. மருமகப்பிள்ளைக்குத் துபாய் தேராவில் வேலை. என் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அங்கே செல்வதென்று முடிவாயிற்று. திண்டிவனத்துச் சம்பந்தி, "ஷார்ஜாவில் எடுக்கட்டும், அதே வாடகைக்கு இன்னொரு அறை சேர்ந்து கிடைக்கும்" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. துபாயில் வேலை பார்த்துக்கொண்டு ஷார்ஜாவில் குடியிருக்கும் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தாம்.

ஆனால் வீடு என்பது வாடகைக் கணக்கு மட்டும்தானா? நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார், வசதியான வாகனம் ஆகிய நான்கும் மனிதனின் நற்பேறுகள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழி ஒன்று உண்டு. சிந்தித்துப் பார்த்தால், குடியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுக்க இந்த நான்குமே போதுமான அளவுகோல் என்பது விளங்கும்.

முதலில் வீடு. நம் ஊரைப் போல முன்பணம் கொடுத்துவிட்டு மாதாமாதம் வாடகை செலுத்தும் வழக்கம் அங்கே குறைவு. ஆண்டு வாடகையைப் பேசி, அதனை ஒன்று, இரண்டு, நான்கு எனப் பின்தேதியிட்ட காசோலைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். துபாயில் ஒப்பந்தத்தை 'இஜாரி' என்னும் அரசுப் பதிவில் ஏற்ற வேண்டும். ஷார்ஜாவில் நகராட்சியின் சான்று பெற வேண்டும். துபாயில் ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு நகராட்சிக் கட்டணமாக மின்சாரப் பட்டியலோடு சேர்ந்து வரும். எனவே வாடகைத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். முதல் காசோலைக்குரிய பணம் கையில் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது வாகனம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஷார்ஜாவிலிருந்து தேராவுக்கு அதில் பாதித் தொலைவுகூட இல்லை. ஆயினும் காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசை ஒரு மணி நேரத்தையும் விழுங்கிவிடும். 2009 செப்டம்பரில் தொடங்கிய துபாய் மெட்ரோவின் பச்சைத் தடம் 2011இல் திறக்கப்பட்டது. அது அல் குஸைஸ், அல் நஹ்தா வழியாகத் தேராவுக்குச் செல்கிறது. ஷார்ஜா எல்லைக்குள் நுழைவதில்லை. ஆகவே தொலைவைக் கிலோமீட்டரால் அளக்காதீர்கள். நேரத்தால் அளந்து பாருங்கள்.

மூன்றாவது அண்டைவீட்டார். அண்டைவீட்டாருக்குச் சொத்தில் வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று தாம் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நபிகளார் நவின்றுள்ளார்கள். கணவர் பணிக்குச் சென்றபின், பத்தாவது மாடியில் கதவடைத்து அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இதன் பொருள் நன்கு புரியும். விழுப்புரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சியோடு வந்து நிற்பாள். அங்கே அதைத் தேடித்தான் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்தக் கட்டடத்தின் கீழே அரை மணி நேரம் நில்லுங்கள். குடும்பங்கள் வசிக்கின்றனவா, பெண்கள் அச்சமின்றி நடமாடுகின்றனரா, பிள்ளைகள் விளையாட இடம் உண்டா என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

பள்ளிவாசல் அருகில் வேண்டாமா என்று கேட்பீர்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் அது பெருங்கவலையன்று. பாங்கொலி கேட்காத குடியிருப்பு அரிது. மற்ற நாடுகளுக்குச் செல்வோர் இதனைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூரில் அடுக்குமாடிப் புதுநகரங்கள் எழுந்தபோது, முஸ்லிம் ஊழியர்கள் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகை வழங்கும் பள்ளிவாசல் கட்டட நிதி 1975இல் தொடங்கப்பட்டது. அந்நிதியால் எழுந்த முதல் பள்ளி 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'முஹாஜிரீன்', அதாவது குடிபெயர்ந்தோர் பள்ளி! எவ்வளவு பொருத்தமான பெயர்!

பள்ளிவாசல் சற்றுத் தொலைவாக அமைந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. மதீனாவில் பனூ ஸலிமா குலத்தார் மஸ்ஜிதுந் நபவியின் அருகே இடம்பெயர விரும்பியபோது, இருக்கும் வீடுகளிலேயே இருக்குமாறும், பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடியும் நன்மையாகப் பதியப்படும் என்றும் நபிகளார் ஆறுதல் அளித்தார்கள்.

பிள்ளைகளின் கல்வி பற்றி ஒரு சொல். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நம் தமிழ்நாட்டில் ஜூனில். இதை அறியாமல் சென்றால் பிள்ளை பாதிப் பாடத்தில் போய் அமர நேரும். பள்ளியில் இடம் உறுதியானபின் வீடு தேடுவதே நலம். இன்னொன்றும் உண்டு. இங்கே பள்ளிக்கூடம் தமிழைத் தருகிறது. தீனை மதரசாவும் வீடும் தருகின்றன. அங்கே முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும், அரபியும் பள்ளியிலேயே கட்டாயப் பாடங்கள். தமிழைத்தான் பெற்றோர் வீட்டில் ஓதிக்கொடுக்க வேண்டும். இல்லையேல் பேரனும் பாட்டியும் தொலைபேசியில் பேச மொழியின்றி நிற்பார்கள்.

இனி நான்காவது, நல்ல மனைவி. இவ்வளவு விவாதமும் நடந்தபோது ஆண்கள் நாங்கள்தாம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் பகல் முழுதும் இருக்கப்போகிறவள் என் மகள். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று சம்பந்திதான் கேட்டார். அவள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, அவர் பிள்ளைகள் எழுமுன் போய், உறங்கியபின் வந்தால், நாங்கள் எதற்காக அங்கே போக வேண்டும்?"

சம்பந்தி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பெரிய வீடு வேண்டாம், பிள்ளைகள் அத்தாவைப் பார்க்கிற வீடு போதும்" என்றார். அல் குஸைஸில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு முடிவாயிற்று. வாடகை கூடுதல்தான், சேமிப்பு குறைவுதான். ஆனால் மஃரிபுத் தொழுகைக்குத் தந்தையும் மகனும் கைகோத்துச் செல்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்!

எல்லோருக்கும் அல் குஸைஸே ஏற்றது என்று நான் சொல்லவில்லை. ஷார்ஜாவிலேயே வேலை பார்ப்பவருக்கும், பெரிய குடும்பத்தாருக்கும் ஷார்ஜா சிறந்த இடமாக அமையலாம். 1985 முதல் அங்கே மதுவுக்குத் தடை உண்டு. 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. பிள்ளைகளை முழு வெள்ளிக்கிழமையும் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் தாய்க்கு இது சிறிய செய்தியன்று.

எந்த ஊராயினும், குடும்பம் ஒன்றாக வாழ்வதற்காகவே கடல் கடக்கிறோம் என்பதை மறவாதீர்கள். அந்த நோக்கத்துக்குத் துணை நிற்கும் பகுதியே நல்ல பகுதி. முடிவு செய்யுமுன் வீட்டுப் பெண்களின் கருத்தைக் கேளுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். குடியேறும் இல்லங்கள் அனைத்திலும் வல்ல அல்லாஹ் பரக்கத்தையும் அமைதியையும் பொழிவானாக! ஆமீன்.