வேட்டிக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு முகம்

முகூர்த்த நாள்களில் திருப்பரங்குன்றம் விடிவதற்கு முன்பே விழித்துவிடும். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். ஒவ்வொரு மேடையிலும் ஒரு போட்டோக்காரர், ஒரு வீடியோக்காரர், லைட் பிடிக்க ஒரு பையன். கேமராவை மேனுவலில் வைத்து எடுக்கக் கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தாலிகட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

ஃபிலிம் காலத்திலேயே தொழிலுக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர் என்னைக் கூடச் சேர்த்துக்கொண்டார். சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’, எனக்கும் அப்படித்தான்.

மாப்பிள்ளை வருவதற்கு முன், காலியாக இருந்த மணவறைக்குப் போய், முகம் வரக்கூடிய உயரத்தில் இடது உள்ளங்கையை விரித்தார். பையன் விளக்கைப் போட்டான். ஸ்பாட் மீட்டரில் உள்ளங்கையை மட்டும் பார்த்தபடி வலது கட்டைவிரலால் டயலைத் திருப்பினார். புள்ளி மீட்டர் கோட்டின் நடுவுக்கு வந்தது. அங்கே நிறுத்தாமல் இன்னும் மூன்று சொடுக்கு தள்ளி +1-இல் வைத்தார். உள்ளங்கை, நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சமானது. உடம்பு மாநிறமோ கறுப்போ, உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இராது.

திரையில் தெரிந்தவை: ஷட்டர் 1/100, அபெர்ச்சர் எஃப்/4, ஐஎஸ்ஓ 1600. மூன்றையும் அவர் முடிவு செய்த வரிசையைத்தான் நான் குறித்துக்கொண்டேன். முதலில் ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 1/100 வைத்தால் ஒரு முழுச் சுற்று அதற்குள் அடங்கிவிடும். 1/320-க்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழலாம். அடுத்தது அபெர்ச்சர். தாலி கட்டும் மாப்பிள்ளையின் கை, பெண்ணின் முகம், பின்னால் முடிச்சுப் போட நிற்கும் நாத்தனார் என மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் எஃப்/2.8-இல் ஒருவர் தெளிந்தால் ஒருவர் கலங்குவார். கடைசியில் மிஞ்சியது ஐஎஸ்ஓ. உள்ளங்கையைப் பார்த்துத் திருப்பியது அதைத்தான்.

“ஆட்டோல விட்டா என்னண்ணே?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல், கெட்டிமேளத்துக்கு முந்திய சடங்குகளில் சிலவற்றை ஆட்டோவிலேயே எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி படத்தில் பெரிதாக வந்தபோது மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்தது. வேட்டி சாம்பலாகி முகம் இருண்டது. அரக்குப் பட்டுச் சேலை நிறைந்தபோது கூட்டியது. நெற்றிச்சுட்டியும் முகமும் வெளிறின. விளக்கு ஒன்றுதான், ஆட்களும் அதே ஆட்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்ப்பதே மீட்டரின் வேலை. “இப்படியே எடுத்துட்டுப் போனா ஆல்பம் போடுற தம்பி ஒவ்வொரு படமா உக்காந்து சரி பண்ணணும்” என்றார். மேனுவலில் வைத்துவிட்டால் வேட்டி வந்தாலும் பட்டு வந்தாலும் முகம் மாறாது.

ஆனால் விளக்கு நகர்ந்தால் எல்லாம் மாறும். அதனால்தான் லைட் பையன் மீது அவருக்கு ஒரு கண் எப்போதும் இருந்தது. விளக்கு பாதி தூரத்துக்கு நெருங்கினால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப். பையன் ஓர் அடி முன்னால் வைக்கும்போதே அண்ணனின் கட்டைவிரல் ஐஎஸ்ஓவை இறக்கிவிடுகிறது. பந்தலுக்கும் மேடைக்கும் வயரை இழுத்துக்கொண்டு கை கடுக்க நிற்கும் அந்தப் பையனின் பெயர் எந்த ஆல்பத்திலும் வராது. படத்தின் பாதி அவன் கையில் இருக்கிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

பெண்ணின் உறவுக்கார அம்மா ஒருவர் வந்து, “தம்பி, பொண்ணக் கொஞ்சம் கலராக் காட்டுங்க” என்றார். எல்லாக் கல்யாணத்திலும் யாராவது சொல்வதுதான். ஒரு ஸ்டாப் ஏற்றினால் போதும், முகம் வெளுத்துவிடும். கூடவே புதுத் தாலியின் பொன்னும் வெளுத்துப்போகும், பட்டின் சரிகை வெறும் வெள்ளைக் கோடாகும். அப்படி வெள்ளையாகிப் போனதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அண்ணன் சிரித்துத் தலையாட்டினார், டயலைத் தொடவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டானது. கோடாக்கின் ‘ஷெர்லி’ அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை வைத்தே பல்லாண்டுகள் கலர் பிரிண்டுகளைச் சரிபார்த்தார்கள். கறுத்த முகங்கள் அந்தப் பிரிண்டுகளில் சரியாக வராததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய கேமரா முகத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. ஆனால் அந்த முகம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு மாநிறம் என்பதை அது அறியாது. அதை அறிந்த ஒருவர் டயலுக்குப் பின்னால் இருந்தால்தான் பெண் தன் நிறத்தோடு தன் ஆல்பத்தில் இருப்பாள்.

அட்சதை விழுந்தபோது மட்டும் அவர் ஷட்டரை 1/250-க்கு ஏற்றினார். அரிசி கோடாக இழுபடக் கூடாதாம். ஐஎஸ்ஓவும் கூடவே ஏறியது. பட்டைகள் விழாதா என்றேன். அந்த விளக்கை முந்தின இரவே சோதித்துவிட்டாராம்.

தொழில் பழகும் தம்பிகளை அவர் முதலில் மேடைக்கு விடுவதில்லை, பந்திக்கு அனுப்புகிறார். என்னையும் அங்கேதான் அனுப்பினார். அங்கே ட்யூப்லைட் நகராது, சாப்பிடுகிறவர்களும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரே வரிசையில் எல்லா நிறத்திலும் முகங்கள், வெள்ளைச் சட்டைகள், பச்சை இலைகள். நான் எடுத்ததைத் திரையில் பெரிதாக்கி, முகங்களைப் பார்த்துவிட்டு நேரே இலைக்குப் போனார். “சோத்தப் பாரு. பருக்கை பருக்கையாத் தெரியணும். மொத்தமா வெள்ளையாக் கெடந்தா ஒரு ஸ்டாப் இறக்கு.” இரண்டு இலைகளில் பருக்கை தெரிந்தது. சன்னலோரத்து இலையில் தெரியவில்லை. அங்கே வெயில் வருதுல்ல, அதுக்குத் தனியா வை என்று சொல்லிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு பேட்டரி மாற்றக் கிளம்பினார்.