விழிஞத்து வெள்ளைப் படகுகள்

கோவளத்தில் வெயில் காயும் வெளிநாட்டவர்களைக் கடந்து மூன்று கிலோமீட்டர் தெற்கே போனால் காற்றில் மீன் வாடை ஏறுகிறது. விழிஞம். வடக்கே பள்ளிவாசல், தெற்கே மாதா கோயில், நடுவே வள்ளங்கள் நெருக்கியடிக்கும் துறைமுகம். காவிப் பட்டை சாய்ந்தோடும் வெள்ளைப் படகுகளோடு கடலோரக் காவல் படை நிலையமும் இங்கேதான்.

இடைமறிப்புப் படகு என்று பெயர். 28 மீட்டர் நீளம், அலுமினிய உடல். அடியில் சுழலும் விசிறி கிடையாது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியே பாய்கிறது. அதனால் ஆழமில்லாத கரையோரத்திலும் விரட்டலாம். உச்ச வேகம் 45 நாட், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர். லார்சன் அண்ட் டூப்ரோ இந்த வகையில் 54 படகுகளைக் கட்டியது. சில ஹசிராவில், மற்றவை சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில்.

இலங்கையின் டோராக்களும் கடற்புலிகளும் மோதிய கதை தெரிந்த தமிழர்களுக்கு இந்த இனம் புதிதல்ல. ஆனால் விழிஞத்தில் வேலை போர் அல்ல, சந்தேகம். 2008இல் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் கடத்திய மீன்பிடி படகில் வந்த பிறகு, எந்தப் படகையும் நம்புவதற்கில்லை. சந்தேகம் எப்போதும் வீணாவதுமில்லை. 2021 மார்ச்சில் காவல் படை மடக்கிய 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும் இருந்தன.

இந்தக் கரைக்குக் காவல் புதிதல்ல. விழிஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். ராஜராஜ சோழன் கலம் அறுத்த காந்தளூர்ச் சாலை, திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்பார்கள். அறுத்தது மரக்கலத்தையா, உண்கலத்தையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

மீனவர்களின் கணக்கு வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது பூந்துறை, விழிஞம் ஆட்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எட்டியபோது காலம் கடந்திருந்தது. கரையோரத்தில் விரட்டப் பிறந்த சிறு படகுக்குப் புயல் அலையில் வேகம் உதவாது. பெரிய கப்பல்களும் விமானங்களும் தேடின. போதவில்லை என்று கொதித்தது கரை. கவிழ்ந்த வள்ளத்தை நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தங்களுக்குத்தான் தெரியும் என்று மீனவர்கள் தாங்களே தேடக் கிளம்பினார்கள். விழிஞத்துக்கு வந்த முதலமைச்சர் பினராயி விஜயனை முற்றுகையிட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. அடுத்த ஆண்டு வெள்ளத்தில் செங்கன்னூர் மூழ்கியபோது, இதே ஆட்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர்க்காரர்களைக் காப்பாற்றினார்கள்.

பக்கத்திலேயே புதிய சரக்குப் பெட்டக முனையம். 2025 ஜூனில் 400 மீட்டர் நீள 'எம்எஸ்சி ஐரினா' அங்கே வந்து நின்றது. முனையத்தை எதிர்த்து 2022இல் மாதக்கணக்கில் போராடியவர்கள் அதைக் கரையிலிருந்து பார்த்தார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மற்ற கரைகளில் வள்ளம் இறக்க முடியாது. அக்கம்பக்கத்து ஊர் மீனவர்களெல்லாம் விழிஞத்துக்கு வந்துவிடுகிறார்கள். துறைமுகத்தில் கால் வைக்க இடமிருக்காது. இருட்டும் நேரம் வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்கு வெளியே போகின்றன. வெள்ளைப் படகு கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது.